டென்மார்க்கில் ஒரு பிறந்த வீடு

என் செல்ல அம்மாவுக்கு,

நீ போன பிறகு வந்த இரண்டாவது தை இது. போன தையில் துக்க வருஷம் என்று நம் வாசலில் பானை ஏறவில்லை. எதிர்வீட்டுப் பேச்சியக்கா தூக்குவாளியில் கொண்டுவந்து தந்த பொங்கலை நானும் சோஃபியும் ஆளுக்கு இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிட்டோம். இந்த வருஷம் வைத்தோம் அம்மா. எந்தப் பக்கம் பொங்கியது என்றுதானே முதலில் கேட்பாய்? கிழக்குதான். சோஃபி அடுப்புக் கட்டியை ஒரு பக்கம் லேசாக உயர்த்தி வைத்திருந்தாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இன்ஜினியர் பெண், எதையும் செய்வாள்.

இதை எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தெருவில் வைத்துப் பேசிய பேச்சுக்குத் தெருவில் வைத்துத்தான் பதில் சொல்லவேண்டும் என்பாய். என் கல்யாணத்தால் உனக்குப் பிறந்த வீடு இல்லாமல் போய்விட்டது என்று ஊர் பேசியது. அதற்காக நான் எத்தனை பேரிடம் சண்டைக்குப் போனேன் என்பது உனக்குத் தெரியும். அது உண்மைதான் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

காற்றாலை வேலைக்குப் பயிற்சி என்று மூன்று மாதம் டென்மார்க் போனவன், போன இடத்தில் சோஃபியைப் பார்த்தேன். போனில் உன்னிடம் சொன்னபோது நீ அழுவாய், திட்டுவாய் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன்.  நீ கேட்டது இதுதான்:

"அவிய அப்பா என்ன சோலி பாக்காவ?"

"விவசாயம்மா."

"என்ன வெள்ளாம?"

"கிழங்கு. அதுல இருந்துதான் அங்க சீனி எடுக்காவ."

"கிழங்குல சீனியா! நல்ல மண்ணுதான் போல."

அவ்வளவுதான் உன் விசாரணை. நான் அங்கே போய்விடுவேனோ என்று நீ பயந்ததைப் பிறகுதான் சொன்னாய். நான் போகவில்லை, அவள் வந்தாள். என் வேலை காற்றாடிக் கம்பத்தில் ஏறினால்தான் நடக்கும், அவள் வேலை கம்ப்யூட்டரில் படம் வரைவது, எங்கிருந்தும் செய்யலாம், அத்தையையும் கரிசல் காட்டையும் பெட்டியில் வைத்து எடுத்துவர முடியாது என்று அவளே கணக்குப் போட்டு முடித்துவிட்டாள்.

நான் செய்த தப்பு அதற்கு நடுவில் ஒன்று இருக்கிறது. சுப்பையா மாமா தன் மகள் கனியை எனக்குத்தான் என்று நினைத்திருந்தார். உன்கூடப் பிறந்த ஒரே தம்பி. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நீ. அவரிடம் நான் நேரில் போய் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? "நீயே மாமாட்ட சொல்லிரும்மா" என்று உன் தலையில் கட்டிவிட்டேன். நீ எட்டயபுரம் பஸ் ஏறி, அங்கிருந்து நடந்து, தனியாகப் போய்ச் சொன்னாய். திரும்பி வந்து ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தாய். அந்த வீட்டில் உனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்று எனக்கு அதில் தெரிந்தது.

"இனி அங்கன நமக்கு ஒண்ணுமில்லய்யா," என்றாய். 

கனியைப் பற்றி ஒன்று சொல்கிறேன், மாமாவிடம் சொல்லிவிடாதே. எனக்குக் கல்யாணம் முடிந்த வாரமே அவள் போன் செய்தாள். "அத்தான், ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்றாள். கூட வேலை பார்த்த வாத்தியாரை அவளும் மனசில் வைத்திருந்திருக்கிறாள். இப்போது தூத்துக்குடியில் நன்றாக இருக்கிறாள்.

சோஃபி வந்த புதிதில் நீ பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. பகலில் வாசல் கதவைச் சாத்திவிட்டு வேலை பார்ப்பாள். அவள் ஊர் வழக்கம் அது. நம் தெருவில் பட்டப்பகலில் கதவு சாத்தியிருந்தால் ஒன்று வீட்டில் சண்டை, இல்லாவிட்டால் யாருக்கோ முடியவில்லை. முதல் வாரம் மட்டும் உன்னிடம் உடம்புக்கு என்ன என்று எத்தனை பேர் வந்து கேட்டார்கள்! பேச்சியக்கா கஷாயமே வைத்துக் கொண்டுவந்துவிட்டாள். கடைசியில் கதவைத் திறந்துபோட்டு வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள் என்று நீதான் அவளுக்கு வழி சொன்னாய். முதுகைப் பார்த்தால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்றாய். கொடுத்தார்கள்.

அப்புறம் அந்தக் கொடி. அவள் நாட்டில் பிறந்தநாள், நல்லநாள் எதற்கும் வீட்டு முன்னால் தேசியக் கொடி கட்டுவார்களாம். உன் பிறந்தநாள் என்றைக்கு என்று கேட்டாள். "சோளம் அறுத்துக்கிட்டிருந்தாவ, அப்பப் பொறந்தேன்" என்றாய். அவள் ஒரு நாளைக் குறித்து, சிவப்பில் வெள்ளைச் சிலுவை போட்ட கொடியைக் கம்பில் கட்டி வாசலில் நட்டுவிட்டாள். நம் ஊரில் வீட்டு முன்னால் கொடி என்றால் கட்சிதானே? மத்தியானத்துக்குள் இரண்டு கட்சிக்காரர்கள் வந்து, எந்தக் கட்சி, யார் தலைவர், இந்தப் பக்கம் எத்தனை ஓட்டு என்று விசாரித்துப் போனார்கள். "மருமவ கட்சி" என்று நீ சொன்ன பதிலை அவர்கள் கடைசி வரை நம்பவில்லை.

இப்படிச் சிரிப்பும் கூத்துமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மார்கழி வந்தது.

நம் பக்கத்துப் பெண்களுக்குப் பொங்கப்படி என்றால் என்ன என்று சோஃபிக்கு எப்படித் தெரியும்? தைக்கு முன்னால் பிறந்த வீட்டிலிருந்து அப்பாவோ கூடப்பிறந்தவனோ அரிசி, கரும்பு, மஞ்சள் குலை, சிறுகிழங்கு, சேலை என்று சுமந்துகொண்டு வருவார்கள். எந்த வயசானாலும் வரும். என் அப்பா இறந்த பிறகும் மாமா நிறுத்தவில்லை. "யக்கா இருக்க வரைக்கும் படி உண்டு" என்று அவரே சொன்னவர். அந்த வருஷம் வரவில்லை.

தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் கரும்புக் கட்டு வந்து இறங்க, நீ மூன்று நாள் வாசலைப் பெருக்கிக்கொண்டே இருந்தாய். பெருக்கின வாசலையே திரும்பத் திரும்பப் பெருக்கினாய். கண் மட்டும் பஸ் நிற்கிற பக்கம். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் அம்மா. அப்போதாவது மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போயிருக்கலாம் இல்லையா? ரோசம் விடவில்லை. என் ரோசத்துக்கு நீ ஏன் வாசலில் நின்றாய்?

சோஃபி இதையெல்லாம் தன் அப்பாவிடம் ஊர்ச்செய்தியாகச் சொல்லியிருக்கிறாள். அத்தைக்கு அவர் தம்பி கொண்டுவர வேண்டிய சாமான் இந்த வருஷம் வரவில்லை, அத்தை வருத்தமாக இருக்கிறார் என்று. நீல்ஸ் மாமா அதை எப்படி எடுத்துக்கொண்டார் தெரியுமா? அவர் ஊரில் ஒருவருக்கு முடியாமல் போனால் பக்கத்துக்காரர் போய் அந்த வேலையைச் செய்துவிடுவார்களாம். மாடு கறக்கிற மாதிரி. அவர் ஒரு பெரிய பெட்டியைக் கட்டி, மகள் பேருக்கு இல்லை, உன் பேருக்கு அனுப்பிவிட்டார்.

பொங்கல் கழிந்து ஒரு வாரம் ஆகி வந்த அந்தப் பெட்டியைத் தெருவே சுற்றி நின்று பிரித்தது. கரும்புக்குப் பதிலாக அவர் காட்டுக் கிழங்கில் எடுத்த சீனி. ஒரு சிவப்பு எனாமல் பானை. கருப்பாக, கல் மாதிரி ஒரு கட்டி. கருப்பட்டி என்று நினைத்துப் பேச்சியக்கா உலக்கையால் ஒரு தட்டுத் தட்டி வாயில் போட்டுக்கொண்டாள். அது அவர்கள் ஊர் ரொட்டி. அந்த முகத்தை நீயும் நானும் எத்தனை நாள் சொல்லிச் சிரித்தோம். அடியில் வெள்ளை வெளேரென்று ஒரு நெய்த துணி. சோஃபியின் அம்மா கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த மேஜைவிரிப்பு. அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம். கூட ஒரு கடிதம். சோஃபி படித்துச் சொன்னாள்:

"ஒங்க தம்பிக்கு இந்த வருசம் வர முடியலைன்னு கேள்விப்பட்டேன். அதனால அவருக்குப் பதிலா நான் அனுப்பியிருக்கேன்னு எழுதியிருக்கு அத்த."

 பேச்சியக்காதான் ரொட்டியைத் துப்பிவிட்டுக் கேட்டாள்: "அதெப்படி சித்தி? சம்பந்தி எங்கயாவது படி அனுப்புவாவளா? அண்ணன் தம்பில்லா கொண்டாரணும்?"

நீ அந்த வெள்ளைத் துணியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாய். பிறகு நிமிர்ந்தாய்.

"படி அனுப்புனவிய அண்ணன் இல்லாம வேற யாருட்டி? அவிய எனக்கு அண்ணந்தான்."

"அப்பம் சோஃபி?"

உன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. "சோஃபி எங்க அண்ணன் மவ. எம் மவனுக்கு மாமன் மவ. முறப்பொண்ணத்தாம்ட்டி கெட்டிருக்கான்! இனி எவளாவது எந் தெருவுல நின்னு எம் மவன் முறைய விட்டுட்டாம்னு பேசட்டும், பாக்கேன்!"

 சொல்லப்போனால் கணக்கு சரியாகத்தான் இருந்தது. சோஃபிக்கு மட்டும் புரியவில்லை. புரிந்ததும் அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பெரிய தாளை எடுத்து நம் சொந்தம் முழுவதையும் கட்டம் கட்டி, அம்புக்குறி போட்டு வரைந்து பிரிட்ஜில் ஒட்டினாள். உன் பெயருக்கு ஒரு பக்கம் நீல்ஸ், அண்ணன். இன்னொரு பக்கம் சுப்பையா, தம்பி. மாமாவின் கட்டத்தைக் காட்டி உன்னிடம் கேட்டாள்:

"அத்த, இவரை நான் என்ன முறை சொல்லிக் கூப்பிடணும்?"

"அவன் வரட்டும், சொல்லுதேன்," என்றாய்.

அடுத்த தைக்கு முன்கூட்டியே பெட்டி அனுப்பிவிட்டார் நீல்ஸ் மாமா. ரொட்டி வேண்டாம் என்று நாம் நயமாகச் சொல்லியிருந்தோம். போனில் நீ தமிழில் பேசுவாய், அவர் அவர் பாஷையில் பேசுவார். நீ ஒரு பிடி கரிசல் மண்ணைக் காட்டுவாய், அவர் பதிலுக்கு அவர் மண்ணைக் காட்டுவார். நடுவில் மொழிபெயர்த்துச் சலித்துப்போய் சோஃபி எழுந்து போய்விடுவாள், நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருப்பீர்கள். அந்த வருஷமும் நீ வாசலைப் பெருக்கினாய். அண்ணன் வந்ததால் தம்பி இல்லாத இடம் நிறைந்துவிடவில்லை, இல்லையா அம்மா?

அந்தத் தை கழிந்து வந்த ஐப்பசியில், உளுந்துக் காட்டுக்குக் களை பார்க்கப் போனவள், வரப்பில் உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை.

மாமாவுக்கு ஆள் அனுப்பினோம். நீர்மாலை எடுத்துவந்து உன்னைக் குளிப்பாட்டி முடிந்தது. பொம்பளை செத்தால் பிறந்த வீட்டிலிருந்து வருகிற கோடித் துணி போர்த்தாமல் எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். வெயில் ஏறியது. மாமா வரவில்லை. "சுப்பையா வரமாட்டான்யா. எவ்வளவு நேரம் போட்டு வைக்கது?" என்றார் ஒருவர். "அதுக்காவ பொறந்த வீடு இல்லாதவ மாதிரி அனுப்பவா?" என்றார் இன்னொருவர்.  உன்னைப் பிறந்த வீடு இல்லாதவளாக ஆக்கியது யார்? கொள்ளி வைக்க மொட்டையாக நிற்கப்போகிற நான்தானே?

சோஃபி எழுந்து உள்ளே போனாள். நீ டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த அந்த வெள்ளைத் துணியை எடுத்துவந்தாள். அது மேஜைவிரிப்பு என்று தெரிந்த பிறகும், "இத மேசயில போட்டுக் கொழம்பக் கொட்டவா? எனக்கு வந்த படியில்லா?" என்று நீ மடித்து வைத்திருந்த துணி. உன்மேல் போர்த்திவிட்டு, பெரியவர்களைப் பார்த்து, நீ சொல்லிக்கொடுத்த தமிழில் சொன்னாள்: "இது அத்தையோட பொறந்த வீட்டுல இருந்து வந்தது. அவிய அண்ணன் அனுப்புனது."

உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எழுந்தார்கள். பேச்சியக்காதான் முதலில் குரலெடுத்து அழுதாள்.

அப்போதுதான் தெருமுனையில் மாமா வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. கிட்டே வந்தவர் உன்மேல் கிடந்த வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். தனக்கு முன்னால் யாரோ கோடி போட்டுவிட்டார்கள். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

சோஃபி அவரிடம் போனாள். அவரை அவள் அதுவரை நேரில் பார்த்ததில்லை. என்ன முறை சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று நீ அவளுக்குச் சொல்லாமலே போய்விட்டாய். பிரிட்ஜில் ஒட்டின தாளைப் பார்த்து அவளே கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். அப்பா உனக்கு அண்ணன் என்றால், உன் தம்பி அவளுக்கு என்ன?

"வாங்க சித்தப்பா," என்றாள். "எங்க அப்பா கோடி போட்டாச்சு. ஒங்க கோடியையும் மேல போடுங்க. அத்தை ஒங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தாவ."

மாமா பையைப் பிரித்து அரக்குச் சேலையை எடுத்து வெள்ளைத் துணிக்கு மேலே விரித்தார். "யக்கா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். பிறகு உன் காலடியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். என்னிடம் பேசவில்லை. பதினாறாம் நாளுக்கும் வந்து, பேசாமலேயே போனார்.

இப்போது சேதிக்கு வருகிறேன். போகிக்கு முந்தின நாள். சோஃபி வாசலில் அவள் கொடியைக் கட்டியிருந்தாள், பொங்கலும் நல்லநாள்தானே என்று. ஒரு பழைய மொபெட் வந்து நின்றது. பக்கவாட்டில் கரும்புக் கட்டு, முன்னால் அரிசி மூட்டை, கைப்பிடியில் மஞ்சள் குலை. மாமா இறங்கி, கொடியை மேலும் கீழும் பார்த்தார். இத்தனை வருஷம் கழித்து அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சைக் கேள்:

"இது எந்தக் கட்சிலே?"

"கட்சி இல்ல மாமா. அவிய ஊர்ல நல்லநாளுக்குக் கெட்டுவாவ."

"அப்பம் கெடக்கட்டும்."

கரும்பை வாங்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "ஒனக்கு இல்ல. எங்க அண்ணன் அவ்வளவு தூரத்துல கெடக்காவ, வந்து போவ முடியாது. அவிய மவளுக்கு நாந்தான படி கொண்டாரணும்? ஏட்டி சோஃபி, வந்து வாங்கு."

சோஃபி ஓடிவந்து இரண்டு கையாலும் வாங்கினாள். கரும்பு அவளைவிட உயரம். அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம் போனைப் போட்டு நீல்ஸ் மாமாவைக் காட்டினாள். உன் அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டார்கள். "அண்ணாச்சி, அங்கன மழ தண்ணி எப்படி?" என்று மாமா கேட்டார். அவர் என்ன சொன்னாரோ, மாமா பெரிதாகத் தலையை ஆட்டினார்.

சாப்பிட்டுக் கைகழுவும்போது என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "நீ யாரக் கெட்டுனாலும் எனக்குக் கோவமில்லலே. ரெண்டு நாள் வருத்தப்பட்டிருப்பேன், போயிருக்கும். தாய்மாமன்ட்ட நீ வந்து ஒரு வார்த்த சொல்லலியே. எங்க யக்காவ அந்த வெயில்ல நடக்கவிட்டியே. அந்தக் கோவத்த அவ மேலயே காட்டிட்டேன். ஒரு செம்புத் தண்ணி குடுக்காம அனுப்புனேன்ல, நான்."   தப்புச் செய்தவர்கள் இரண்டு பேரும் உன் வீட்டில் நின்றுகொண்டிருந்தோம், நடுவில் நீ மட்டும் இல்லை.

அவர் போன பிறகு சோஃபி எனக்கு ஒன்று சொன்னாள். மூன்று மாதமாம். பேச்சியக்காவுக்குக்கூட இன்னும் தெரியாது. தெரிந்திருந்தால் கஷாயம் வந்திருக்கும். நீல்ஸ் மாமாவிடமும் சொல்லவில்லை. பிரிட்ஜில் இருக்கிற தாளில் எங்கள் இரண்டு பேருக்கும் கீழே ஒரு கட்டத்தைப் பென்சிலால் மட்டும் போட்டு வைத்திருக்கிறாள்.

உனக்குத்தான் முதலில் சொல்கிறேன் அம்மா. நாளைக்குக் காலையில் எட்டயபுரம் பஸ் ஏறப்போகிறேன். வண்டி இருக்கிறது, எடுக்கப்போவதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, நீ நடந்த தூரத்தை நானும் நடப்பேன். மாமா வாசலில் நின்று, என் வாயால், அவரிடம் முதலில் சொல்வேன். அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதம் மற்றவர்கள் கண்ணில் படும். நல்லதோ கெட்டதோ, இனி என் சேதியை யார் தலையிலும் கட்டி அனுப்பமாட்டேன். இது சத்தியம். சொல்லி முடித்துவிட்டு, அந்த வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பேன். அது உனக்கு வரவேண்டியது.

இப்படிக்கு,
உன் தம்பிக்கும் மருமகன், உன் அண்ணனுக்கும் மருமகன்,
மாமன் மகளையே கட்டிய உன் மகன்.